பார்சிலோனா அமெரிக்கா கப்: ரேஸுக்கு இல்ல, ஊருக்கு ஒரு ரிவ்யூ

2024 அக்டோபர் 16ல இருந்து 19 வரைக்கும் பார்சிலோனாவுல இருந்தேன், அமெரிக்கா கப்ங்கற பாய்மரப் படகுப் போட்டியோட ஃபைனல் பாக்கறதுக்குன்னே போனது, வேற வேலை ஒண்ணும் இல்ல. போறதுக்கு முன்னாடி எந்த போட் வேகம், யாருக்கு சான்ஸ்னுதான் படிச்சிட்டு இருந்தேன், திரும்பி வரும்போது மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்தது வேற, இந்தப் போட்டிய இந்த ஊர்ல ஏன் வெச்சாங்க, வெச்சது சரிதானா, இனிமே எங்க வெக்கணும். ஒரு ஹோட்டல்ல தங்கிட்டு வந்தா ரிவ்யூ எழுதறோம்ல, அந்த மாதிரி ரேஸ் நடத்தின ஊருக்கு எழுதறேன். மத்த ஊருங்களையும் இழுப்பேன், ஏன்னா பத்து பதினஞ்சு வருஷமா இந்தப் போட்டிய விடாம பாத்துட்டு வரேன், ஒப்பிடாம சொன்னா அது பாதி ரிவ்யூதான்.

மார்க்க முன்னாடியே சொல்லிடறேன். பார்சிலோனா ஊருக்கு அஞ்சுக்கு நாலரை. பார்சிலோனா கடலுக்கு அஞ்சுக்கு ரெண்டரை. ரெண்டையும் கூட்டி வகுத்து மூணரைன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா படகு ஓடறது கடல்ல, ஊர்ல இல்ல.

புதுசா படிக்கறவங்களுக்கு கொஞ்சம் பின்கதை. 1851ல இங்கிலாந்து பக்கத்துல வைட் தீவ சுத்தி நடந்த ரேஸ்ல அமெரிக்காங்கற படகு ஜெயிச்சுது, அந்தப் படகு பேருதான் கப்புக்கு வந்துச்சு, நாட்டோட பேரு இல்ல. அப்புறம் நியூயார்க் யாட் கிளப் 132 வருஷம் கப்ப கைய விட்டு விடவே இல்ல, 1983ல ஆஸ்திரேலியா 2ங்கற படகு வந்துதான் புடுங்கிச்சு. இதுல என்ன விசேஷம்னா ஒலிம்பிக்ஸ், வேர்ல்டு கப் மாதிரி தனியா ஒரு அமைப்பு உக்காந்து ஓட்டுப் போட்டு ஊரு தேர்ந்தெடுக்கறது இல்ல. இதுவரைக்கும் யாரு கப்ப வெச்சிருந்தாங்களோ அவங்க கையிலதான் கடிவாளம் இருந்துச்சு. தானப் பத்திரம்னு 19ஆம் நூற்றாண்டுல எழுதின ஒண்ணு இருக்கு, அதுலேருந்துதான் எல்லா விதியும், மிச்சத்த கப் வெச்சிருக்கற கிளப்பும் சேலஞ்ச் பண்ற கிளப்பும் பேசி முடிவு பண்ணிக்கலாம். ரொம்ப காலம் ஜெயிச்ச கிளப்போட ஊரு எதுவோ அங்கதான் நடக்கும்னு இருந்துச்சு, கேள்வியே கிடையாது.

அத மாத்தினது சுவிட்சர்லாந்து. 2003ல ஆக்லாந்துல அலிங்கி டீம் அஞ்சுக்கு பூஜ்யம்னு ஜெயிச்சு கப்ப ஜெனீவாவுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க, அந்த நாட்டுக்கு கடலே இல்ல, பத்திரத்துல ரேஸ் கடல்லதான் நடக்கணும்னு இருக்கு. அப்ப என்ன பண்ணுவாங்க, ஐரோப்பாவுல இருக்கற துறைமுக ஊருங்கள எல்லாம் போட்டி போட விட்டாங்க, லிஸ்பன், மார்செய், நேப்பிள்ஸ், வேலன்சியான்னு வடிகட்டி கடைசில வேலன்சியா. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான், வென்யூங்கறது ஏலத்துக்கு வர்ற பொருளாயிடுச்சு. ஏலம் விடறது தப்புன்னு நான் சொல்ல வரல, ஒரு டீம் நடத்தறதுக்கு கோடி கோடியா வேணும், எங்கேருந்தாவது வரணும். ஆனா ஏலத்துல எத முதல்ல பாக்கறாங்க, எத கடைசில பாக்கறாங்கங்கறதுலதான் எனக்கு வருத்தம்.

பார்சிலோனாவுக்கு வரேன். கப்ப வெச்சிருந்தது எமிரேட்ஸ் டீம் நியூசிலாந்து, 2022 மார்ச் கடைசில பார்சிலோனான்னு அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடி மலாகா, ஜெட்டா, அயர்லாந்துல கார்க் எல்லாம் பேச்சுல இருந்துச்சு. கார்க் விஷயத்துல அயர்லாந்து அரசு யோசிக்க இன்னும் ஆறு மாசம் வேணும்னு கேட்டாங்க, அதோட அது போச்சு.

ஊரு மட்டும்னு பாத்தா இதுக்கு மேல ஒரு ஊர கேக்க முடியாது. ஏர்போர்ட்ல இறங்கி மெட்ரோ புடிச்சா பீச், பீச்சுலேருந்து நடந்தா ரேஸ் வில்லேஜ். டீம்களோட பேஸ் எல்லாம் போர்ட் வெல் பழைய துறைமுகத்த சுத்தியே, காலையில போனா அந்த 75 அடி படகுங்கள கிரேன்ல தூக்கி தண்ணில இறக்கறத பாக்கலாம். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா எனக்கு அந்தப் பயணத்துலயே புடிச்ச நேரம் அதுதான். 26 மீட்டர் மாஸ்டோட, அதாவது பாய் கட்டற கம்பத்தோட, ஒரு போட் அந்தரத்துல தொங்கிட்டு மெதுவா இறங்கறப்போ, டீம் ஆளுங்க கூடவே நடந்து ஒவ்வொரு கயத்தையும் கையால தொட்டுத் தொட்டு பாக்கறாங்க, ஒரு சத்தம் கிடையாது. கோயில் தேர் வடம் புடிக்கறதுக்கு முன்னாடி ஒரு அமைதி வருமே, அப்படி இருந்துச்சு. பைசா செலவில்லாம நின்னு பாத்தேன். ரேஸ் பாக்கறதுக்கும் டிக்கெட் இல்ல, பார்சிலோனெட்டா பீச்சுல போய் மணல்ல உக்காந்துக்கலாம், பெரிய ஸ்கிரீன் வெச்சிருந்தாங்க, பக்கத்துல நியூசிலாந்துக்காரங்க குடும்பம் குடும்பமா, அந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரங்க கொடியோட. பிரிட்டன் டீம் ஃபைனல் வரைக்கும் வந்தது 1964க்கு அப்புறம் அதுதான் முதல் தடவ, அவங்க இதுவரைக்கும் இந்தக் கப்ப ஜெயிச்சதே இல்ல, அதனால அவங்க முகத்துல இருந்த ஏக்கம் வேற மாதிரி இருந்துச்சு. நான் போன முதல் நாள் அவங்க ரெண்டு ரேஸும் ஜெயிச்சாங்க, ஸ்கோர் 4-2 ஆச்சு, பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் கண்ண தொடச்சுக்கிட்டாரு. அப்புறம் நியூசிலாந்து விடல, 7-2ன்னு முடிச்சிட்டாங்க.

இப்ப கடல். இங்கதான் கொஞ்சம் நின்னு பேசணும். ஏசி75ங்கற இந்தப் படகுங்க தண்ணிக்கு மேல பறக்கறது, அடியில இருக்கற ஃபாயில் ஏரோப்ளேன் றெக்கை மாதிரி தூக்கிடும், தூக்கிட்டா 50 நாட் (கடல்ல வேகத்துக்கு வெச்சிருக்கற அளவு) வேகத்துக்கு மேலயும் போகும், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல, வெறும் காத்துல. ஆனா தூக்கறதுக்கு குறைஞ்சபட்ச காத்து வேணும், பார்சிலோனாவுல விதிப்படி 6.5 நாட்லேருந்து 21 நாட் வரைக்கும் இருந்தாத்தான் ரேஸ். பறந்துட்டிருக்கற படகு காத்து செத்துப்போய் ஒரு தடவ தண்ணில உக்காந்துடுச்சுன்னா, பெரும்பாலும் திரும்ப கிளம்பறதுக்குள்ள ரேஸே முடிஞ்சிரும். மத்தியதரைக்கடல்ல அந்த சீசன்ல காத்து இப்படித்தான், ஒரு நாள் இருக்கும் ஒரு நாள் இருக்காது, இல்லன்னா இடி மழையோட வரும். ஆகஸ்ட் கடைசில லூயி விட்டான் கப், அதாவது ஃபைனலுக்கு சேலஞ்ச் பண்றது யாருன்னு தீர்மானிக்கற போட்டி, ஆரம்பிச்சதுலேருந்தே காத்துக்காகவும் மழைக்காகவும் ரேஸ் தள்ளிப் போறத வீட்ல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன், வேற வேலைய தள்ளி வெச்சிட்டு ஸ்கிரீன் முன்னாடி உக்காந்தா தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும், கமெண்டேட்டருங்க பாவம் பேச விஷயம் இல்லாம தவிப்பாங்க.

காத்து இருந்தாலும் அலை ஒரு பிரச்சனை. பெரிய அலைன்னு சொல்ல முடியாது, ஆனா ஒழுங்கில்லாத அலை. வெளிய ஆழ்கடல்லேருந்து வர்ற ஸ்வெல் ஒரு திசை, காத்து கிளப்பற அலை இன்னொரு திசை, துறைமுக சுவத்துல மோதி திரும்பறது ஒண்ணு, இது போதாதுன்னு அத்தன பார்வையாளர் படகுங்களும் கிளப்பற அலை. பறக்கற படகுக்கு இந்த குழப்பமான தண்ணிதான் எமன், ஃபாயில் நுனி தண்ணிய விட்டு வெளிய வந்துட்டா புடிமானம் போயிடும், மூக்கு குத்தி விழும். ஒரு பக்கம் பாத்தா இதுவும் திறமைக்கு சோதனைதான், பிரிட்டிஷ் படகு குலுங்கற தண்ணில நல்லா போச்சுன்னும் சொன்னாங்க. ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு படகும் பக்கத்துல பக்கத்துல மோதிக்கற மாதிரி ஒரு ரேஸ் வேணும்னா தண்ணி கொஞ்சம் ஒத்துழைக்கணும்.

பீச்சுலேருந்து தெரிஞ்சுதான்னு கேட்டா, தெரிஞ்சுது, ஆனா எப்படின்னா பாய் தெரியும், யாரு முன்னாடின்னு தெரியாது. பீச் தட்டையா இருக்கு, நம்ம கண்ணு கடல் மட்டத்துக்கு மேல அஞ்சு அடி, அவ்ளோதான். ரெண்டு படகு குறுக்க நெடுக்க போறப்போ எது முன்னாடின்னு கண்டுபுடிக்க உயரம் வேணும். கடைசில எல்லாரும் கடலுக்கு முதுக காட்டிக்கிட்டு ஸ்கிரீனத்தான் பாத்துட்டு இருந்தோம், நானும்தான். கடல் எதிர்ல இருக்கு, படகு எதிர்ல இருக்கு, நாங்க திரும்பி டிவி பாக்கறோம். அது எனக்கு உறுத்திச்சு.

ரெண்டாவது ரேஸ் நாள் சரி கிட்டக்க போய் பாப்போம்னு ஒரு பார்வையாளர் படகுல காசு கட்டிப் போனேன், அந்த கம்பெனி பேரு வேண்டாம், ஆனா போறவங்க தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். பவுண்டரிக்கு வெளிய எங்களுக்கு கிடைச்ச இடம் ரொம்ப பின்னாடி, முன்னாடி பெரிய யாட்டுங்க மறைச்சு நின்னுச்சு, நிறுத்தி வெச்ச படகு பக்கவாட்டுல ஆடி ஆடி பாதி பேருக்கு வாந்தி, ரெண்டு ரேஸ்ல மொத்தமா ஒரு நாலஞ்சு நிமிஷம் படகுங்கள பாத்திருப்பேன். குடுத்த காசுக்கு அது அநியாயம். அதே நாலு நிமிஷத்துல ஒண்ணு மட்டும், ரெண்டு படகும் எங்க பக்கம் திரும்பி விஷ்ஷ்ஷுன்னு ஒரு ஊளைச் சத்தத்தோட போச்சு, அந்த சத்தம் டிவில வராது, ஃபாயில் தண்ணிய கிழிக்கற சத்தம், அது இன்னும் காதுல இருக்கு.

ஊர்க்காரங்க விஷயத்தையும் சொல்லணும், மறைச்சா ரிவ்யூ நேர்மையா இருக்காது. பார்சிலோனாவுல ஏற்கனவே டூரிஸ்ட் கூட்டத்தால வாடகை ஏறிப்போச்சுன்னு மக்கள் கொதிச்சிட்டு இருக்காங்க, கப்புக்கு எதிரா ஊர்வலமே போனாங்க, பார்சிலோனெட்டா மீனவர் குடியிருப்பா இருந்த இடம், அங்க பால்கனில எல்லாம் எதிர்ப்பு துணி தொங்கிச்சு. அந்த சந்துங்கள்ல நடந்தப்போ எனக்கு கொஞ்சம் குத்தமாத்தான் இருந்துச்சு. அடுத்த தடவ நடத்தறதுல இஷ்டம் இல்லன்னு பார்சிலோனா தரப்பே சொல்லிடுச்சு. ஒரு ஊரு தன் வாசல்ல நடக்கற போட்டிய தன்னோடதுன்னு நினைக்கலன்னா, எவ்ளோ நல்ல மெட்ரோ இருந்தும் என்ன.

இதுக்கு நேர் எதிர்னு நான் நினைக்கறது ஆக்லாந்து. 2021 போட்டிய ஸ்கிரீன்லதான் பாத்தேன், உலகமே கதவ சாத்திக்கிட்டு இருந்த நேரம், நியூசிலாந்து எல்லைய மூடி வெச்சிருந்ததால அந்த ஊரு ஜனங்க மட்டும் கரையில கூட்டம் கூட்டமா நின்னாங்க. நார்த் ஹெட்னு ஒரு பழைய எரிமலை மேடு, எதிர்க்கரையில பாஸ்டியன் பாயின்ட், நடுவுல தண்ணி. மேட்டுல புல்லு மேல உக்காந்தா கீழ ரேஸ் கோர்ஸ் வரைஞ்ச படம் மாதிரி தெரியும், யாரு முன்னாடின்னு குழந்தைகூட சொல்லும். கோர்ஸ ஒண்ணுக்கு அஞ்சா வெச்சிருந்தாங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு ஏத்த கோர்ஸ், வென்யூன்னா இப்படி யோசிக்கணும். ஃபைனல் மார்ச் 6 ஆரம்பிக்க வேண்டியது லாக்டவுனால 10ஆம் தேதிக்கு போச்சு, கூட்டம் சேரக்கூடாதுன்னு கரைக்கு கிட்டக்க இருக்கற கோர்ஸ முதல்ல யூஸ் பண்ண முடியல, அதையும் தாண்டி அந்த ஃபைனல் அமோகமா இருந்துச்சு. இத்தாலி டீம் லூனா ரோசாவும் நியூசிலாந்தும் 3-3 வரைக்கும் மாத்தி மாத்தி ஜெயிச்சது, அப்புறம் எட்டாவது ரேஸ்ல காத்து செத்து முதல்ல நியூசிலாந்து தண்ணில உக்காந்து, சரி போச்சுன்னு நினைச்சா முன்னாடி போயிட்டிருந்த லூனா ரோசாவும் உக்காந்து, நியூசிலாந்து திரும்ப எழும்பி ஜெயிச்சது. முடிவு 7-3.

ஆக்லாந்து காத்தும் உத்தமம்னு சொல்லிட முடியாது. 2003ல நாலாவது ரேஸுக்கு நாள் கணக்கா காத்துக்காக உக்காந்திருந்தாங்க, கடைசில காத்து வந்தப்போ நியூசிலாந்து படகோட மாஸ்ட் ஒடிஞ்சு தண்ணில விழுந்துச்சு. ஆனா அந்த ஊருக்கு இந்தக் கப் மேல இருக்கற பாசம் வேற எங்கயும் இல்ல. அப்படிப்பட்ட ஊர விட்டுட்டுத்தான் 2024 போட்டி பார்சிலோனாவுக்கு போச்சு. நியூசிலாந்து அரசும் ஆக்லாந்து நகரமும் சேர்ந்து 99 மில்லியன் நியூசிலாந்து டாலர் மதிப்புக்கு ஆஃபர் குடுத்தாங்க, அதுல ரொக்கம் 31 மில்லியன்தான், மிச்சம் இடம், வசதி இப்படி. பத்தாதுன்னு டீம் சொல்லிடுச்சு. டீம் பக்கம் இருந்து பாத்தா புரியுது, காசு இல்லன்னா நல்ல டிசைனர், நல்ல செய்லர் எல்லாம் வேற டீமுக்கு போயிடுவாங்க, அப்புறம் கப்பே இருக்காது. அவங்க ஜெயிச்சுக் காட்டினதும் உண்மை. ஆனா நார்த் ஹெட்ல தோள் மேல குழந்தைய வெச்சிக்கிட்டு நின்ன அந்த ஜனத்துக்கு அவங்க சொந்தக் கப்ப சாமம் சாமமா முழிச்சு டிவில பாக்க வேண்டி வந்துச்சே, அது எனக்கு ஆறல.

பாக்கறதுக்கு மட்டும்னு ஒரே ஒரு ஊரு சொல்லுன்னா யோசிக்காம சான் ஃபிரான்சிஸ்கோ. 2013. அங்க காத்து தற்செயல் கிடையாது, வெளிய பசிபிக் கடல் சில்லுன்னு இருக்கும், உள்ள கலிஃபோர்னியா சமவெளி வெயில்ல கொதிக்கும், சூடான காத்து மேல ஏற, கடல் காத்து உள்ள பாய ஒரே சந்து கோல்டன் கேட், அந்த இடுக்கு வழியா கோடைக்காலத்துல மதியமானா பிச்சிக்கிட்டு வரும். நம்ம கடக்கரை ஆளுங்க கொண்டல், கச்சான், வாடைன்னு பேரு வெச்சு இந்நேரம் இந்தக் காத்து வரும்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி நம்பி நேரம் குறிக்கலாம். அதுவரைக்கும் இந்தப் போட்டி பெரும்பாலும் கரையிலேருந்து மைல் கணக்குல தள்ளி நடக்கும், நியூபோர்ட்டா இருக்கட்டும் சான் டியேகோவா இருக்கட்டும், படகு வெச்சிருக்கறவன் போய் பாப்பான், மத்தவன் பேப்பர்ல படிப்பான். பழைய தானப் பத்திரத்துலயே முனை மேடு எதுவும் மறைக்காத திறந்த கடல்ல நடத்தணும்னுதான் எழுதியிருக்கு, காத்துக்காக எழுதினது, பாக்கறவன பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோவுலதான் வளைகுடாவுக்குள்ளயே, கரைய ஒட்டி, மரீனா கிரீன்ல சாதாரண ஜனம் புல்லுல நின்னு பாக்கற தூரத்துல ஓட்டினாங்க. ஹெலிகாப்டர் படத்து மேலயே கோடு போட்டு யாரு எத்தன மீட்டர் முன்னாடின்னு காட்டற ஸ்டான் ஹனி டீமோட லைவ்லைன் கிராஃபிக்ஸும் அந்த வருஷம்தான் பெருசா வந்துச்சு, எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சதே அதுல இருந்துதான்.

8-1ன்னு நியூசிலாந்து முன்னாடி இருந்து ஒரே ஒரு ரேஸ் போதும்ங்கற நிலைமையிலேருந்து அமெரிக்காவோட ஆரக்கிள் டீம் 9-8ன்னு ஜெயிச்சது அங்கதான். அதுலயும் ஊரோட காத்து எப்படி விளையாடிச்சுன்னு பாருங்க, ஒரு நாள் அதிசயமா காத்து கம்மி, நியூசிலாந்து ரொம்ப தூரம் முன்னாடி போயிட்டிருக்கு, கப் கையில வந்தாச்சு, 40 நிமிஷ டைம் லிமிட் முடிஞ்சு ரேஸ் ரத்து. வேற நாள்ல காத்து லிமிட்டுக்கு மேல போச்சுன்னு ரேஸ் தள்ளிப் போச்சு. ஊரு தேர்ந்தெடுக்கறப்போ காத்த பத்தி பேசறது ஏதோ டெக்னிக்கல் விஷயம்னு நினைக்கறவங்களுக்கு இதுதான் பதில், கப் யாரு கைக்கு போகுதுன்னே காத்துதான் முடிவு பண்ணுது. ஆனா அந்த வென்யூவுக்கும் குறை உண்டு, அந்த பலமான காத்துல 72 அடி கேட்டமரான், அதாவது ரெட்டை உடல் படகு, ஓட்டறது ஆபத்தா இருந்துச்சு, மே மாசம் பயிற்சில ஆர்ட்டிமிஸ்ங்கற டீமோட படகு கவுந்து ஆண்ட்ரூ சிம்சன் இறந்துபோனாரு, ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்சவரு. அதுக்கப்புறம்தான் காத்து லிமிட்ட குறைச்சாங்க. செலவு தாங்காம சேலஞ்ச் பண்ண வந்ததே மூணு டீம்தான், நகராட்சிக்கும் சில மில்லியன் டாலர் கைய விட்டுப் போச்சு. அதனாலயோ என்னவோ அடுத்தது அங்க நடக்கல.

அடுத்தது பெர்முடா, 2017. 2013ல ஜெயிச்சது அமெரிக்க டீம், அடுத்தத நடத்தினது வேற தேசத்துல, அமெரிக்க ரசிகருங்களுக்கே அது கசப்பு. எனக்கும் முதல்ல கோவம். ஆனா தண்ணிய பாத்ததும் வாய மூடிக்கிட்டேன், கிரேட் சவுண்ட்னு சுத்தி நிலம் வளைச்ச உள்கடல், தட்டையான நீலத் தண்ணி, பறக்கற படகுக்குன்னே செஞ்ச மாதிரி. ஒரு நாள் பலமான காத்துல நியூசிலாந்து படகு மூக்கு குத்தி அப்படியே நட்டுக்குத்தலா கவுந்தது, அதே டீம் ஃபைனல 7-1ன்னு ஜெயிச்சது. தண்ணிக்கு அஞ்சுக்கு அஞ்சு. சின்னத் தீவு, நேர்ல போய் பாக்கறது சாதாரண ஆளுக்கு கட்டுப்படியாகாது, அங்க மார்க் போயிடும்.

வேலன்சியா பத்தி மட்டும் எனக்கு ரெண்டு மனசு. 2007 ஃபைனல் பிரமாதம், 5-2, கடைசி ரேஸ் வித்தியாசம் ஒரே ஒரு செகண்ட். ஆனா அந்த வருஷம் ஏப்ரல்ல லூயி விட்டான் கப் ஆரம்பிச்சப்போ நாள் கணக்கா காத்தே இல்ல, கோடை வந்துதான் கடல் காத்து ஒழுங்காச்சு. 2010 போட்டிய ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல இருக்கற ராஸ் அல் கைமாவுல வெக்கலாம்னு அலிங்கி போக, நவம்பர்லேருந்து மே வரைக்கும் வட பாதி உலகத்துல ரேஸ் கூடாதுன்னு பத்திரத்துல இருக்குன்னு நியூயார்க் கோர்ட் வரைக்கும் போய் தோத்தாங்க. கடைசில பிப்ரவரில, கோர்ட் அனுமதிச்ச வேலன்சியாவுலயேதான் நடந்துச்சு, குளிர்ல காத்து சரியில்லாம தள்ளித் தள்ளி ரெண்டே ரேஸ். அப்புறம் அந்த துறைமுகத்துக்கு என்ன ஆச்சுன்னா, கப்புக்குன்னு கட்டின டீம் பேஸ் எல்லாம் வருஷக்கணக்கா காலியா கிடந்துச்சு, கடன் சுமை வேற. சுத்தி ஃபார்முலா ஒன் ஓட்டினாங்க, அதுவும் 2012ஓட நின்னுச்சு. டேவிட் சிப்பர்ஃபீல்டு டிசைன் பண்ண வெள்ளக் கட்டடம் மட்டும் அழகா நிக்குது. ஒரு ஊரு கேக்கறப்போ போட்டி முடிஞ்ச அஞ்சாவது வருஷம் அந்த இடத்துல என்ன இருக்கும்னு கேட்டுத்தான் சரின்னு சொல்லணும்னு எனக்கு தோண வெச்சது வேலன்சியாதான். அதே விஷயத்த ஆக்லாந்து அழகா பண்ணாங்க, 2000 போட்டிக்குன்னு மாத்தின வயடக்ட் துறைமுகம் இன்னிக்கும் ஊரோட உயிரா இருக்கு.

நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்ததா இருந்தாலும் ஃப்ரீமேன்டில் 1987 வீடியோ கிடைச்சா பாருங்க. மேற்கு ஆஸ்திரேலியாவுல கோடை மதியம் கடல்லேருந்து ஒரு காத்து வரும், வெயில்ல வாடினவங்களுக்கு வைத்தியம் பண்ற மாதிரி இருக்கறதால அத ஃப்ரீமேன்டில் டாக்டர்னே கூப்பிடுவாங்க. அந்தக் காத்துல கனமான 12 மீட்டர் கிளாஸ் படகுங்க அலைக்குள்ள புகுந்து மூழ்கி எழும்பறத பாத்தா இப்ப பறக்கற படகெல்லாம் கொஞ்சம் சுத்தமா இருக்கறதா தோணும். அந்த ஊரு ஏலத்துல வரல, ஆஸ்திரேலியா ஜெயிச்சதால கிடைச்சுது, ஆனா எந்தக் கமிட்டி தேடியிருந்தாலும் அதவிட நல்ல காத்து கிடைச்சிருக்காது.

ஊரு தேர்ந்தெடுக்கற இடத்துல என்ன உக்கார வெச்சா நான் முதல்ல கேக்கறது பண விவரம் இல்ல, அந்தக் கடலோட பத்து வருஷ காத்துக் கணக்கு, அதுவும் ரேஸ் நடக்கப் போற அதே வாரங்களோடது, மதியம் ரெண்டு மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும். வருஷ சராசரி காட்டி ஏமாத்தக் கூடாது, பத்து நாள் சும்மா இருந்து ரெண்டு நாள் புயல் அடிச்சாலும் சராசரி நல்லாத்தான் வரும். அடுத்தது நிக்கற இடம், காசு குடுக்காம எத்தன ஆயிரம் பேர் உயரமான இடத்துலேருந்து கோர்ஸ முழுசா பாக்க முடியும். அதுக்கப்புறம் ஊரு ஜனம் இத விரும்புதா. இதெல்லாம் சரியா வந்த ஊருங்களுக்குள்ள யாரு அதிகம் தராங்களோ அவங்களுக்கு குடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன். இப்ப நடக்கறது தலைகீழா, காசு முதல்ல, அந்தக் காசு தர ஊரோட காத்துக்கு ஏத்த மாதிரி போட்டிய வளைக்கறாங்க.

அடுத்தது நேப்பிள்ஸ், 2025 மே மாசம் அறிவிச்சாங்க, ரேஸ் 2027 ஜூலை. நியூசிலாந்து அரசு இந்த தடவ காசு போட முடியாதுன்னு முன்னாடியே விலகிடுச்சு. நேப்பிள்ஸ்னதும் எனக்கு ஒரு நிம்மதி, ஒரு பயம். நிம்மதி என்னன்னா இத்தாலிக்காரங்களுக்கு லூனா ரோசான்னா உயிரு, 2012லயும் 2013லயும் அங்க சின்ன கேட்டமரான் ரேஸ் வெச்சப்பவே கடற்கரை ரோடு நிரம்பி வழிஞ்சுது, 1960 ரோம் ஒலிம்பிக்ஸோட பாய்மரப் போட்டியும் அந்த வளைகுடாலதான் நடந்துச்சு. டீம் பேஸ் பாக்னோலில, இரும்பு ஆலை மூடி முப்பது வருஷத்துக்கு மேல மண்ணு விஷமா கிடக்கற இடம், எத்தனையோ தடவ சுத்தம் பண்றோம்னு சொல்லி முடிக்காத இடம். கப்போட தேதி கழுத்துல கத்தியா இருக்கறதால இந்த தடவையாவது முடிப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை, அப்படி முடிச்சா வேலன்சியாவுக்கு நேர்ந்தது இங்க நேராம அந்த ஜனத்துக்கு ஒரு கடற்கரை மிஞ்சும். பயம் என்னன்னா ஜூலை மாச மத்தியதரைக்கடல் காத்து, மலைங்க சூழ்ந்த வளைகுடா, பார்சிலோனாவுல பட்டது மறக்கல.

ஆனா நேப்பிள்ஸுக்கு பார்சிலோனாகிட்ட இல்லாதது ஒண்ணு இருக்கு, மேடு. போசிலிப்போ மலைச்சரிவு கடலுக்கு நேரா எறங்குது, மேலேருந்து வளைகுடா முழுக்க கண்ணுல வரும், அந்தப் பக்கம் வெசுவியஸ். நான் இந்த தடவ படகுக்கு டிக்கெட் வாங்கப் போறதில்ல, பீச் ஸ்கிரீன் பக்கமும் போகப் போறதில்ல, பைனாகுலரும் தண்ணி பாட்டிலும் எடுத்துட்டு அந்தச் சரிவுல போய் உக்காரப் போறேன். அங்க இருக்கறவங்களோ போயிட்டு வந்தவங்களோ யாராவது இத படிச்சா, ஜூலை மதியம் ரெண்டு மணிக்கு மேல எந்த இடத்துல நிழல் விழும், அங்கேருந்து கடல மரம் மறைக்குமா மறைக்காதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.